மொறிஸ் மைனர் சார்ஜ் ஆகுதில்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். அப்பா ஆசையாக வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 கார், பற்றரியைச் சார்ஜ் செய்வதில்லை. சார்ஜ் கொடுப்பது இன்னும் பழைய லூக்கஸ் டைனமோதான், பொசிட்டிவ் ஏர்த் (பற்றரியின் பிளஸ் முனை கார் பொடியோடு). வேகம் கூட்டினாலும் சிவப்பு சார்ஜ் லைற் அணையாமல் மங்கலாக எரிகிறது. இரவில் நிலாவெளிப் பக்கம் போனால் ஹெட்லைற்றும் சோர்ந்துவிடுகிறது.

டைனமோவில் டி (கரண்ட் வெளிவருவது), எஃப் (பீல்ட் கொயிலுக்குப் போவது) வயர்களைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் கார் பொடிக்கும் இடையில் வோல்ற் மீற்றர் பிடித்துப் பார்த்தேன். அக்சிலேற்றரை மெதுவாகக் கூட்ட, முள் தடங்கலில்லாமல் 20 வோல்ற் வரை ஏறியது. ஆக, டைனமோ நல்லம். பெல்ட்டும் இறுக்கம்தான். வயர்களைத் திரும்பக் கொழுவி ஓடவிட்டால் பற்றரியில் 12.3 வோல்ற்றைத் தாண்டவில்லை.

சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோல் பொக்ஸைத் திறந்தால், டைனமோவைப் பற்றரியோடு இணைக்கும் கட்-அவுட் பொயின்றில் பச்சைக் களிம்பு. கடற்காற்று எதைத்தான் விட்டது! 12.7க்கும் 13.3 வோல்ற்றுக்கும் இடையில் மூட வேண்டிய பொயின்ற், 14 தாண்டியும் மூடவில்லை. அதைத் தேய்க்க எமரித்தாள் படக்கூடாது, மெல்லிய கண்ணாடித்தாள்தான் என்பது தெரியும். தேய்த்தால் மட்டும் போதுமா, அது மூடும் வோல்ற்றைச் செற் பண்ணும் ஸ்குரூவையும் திருப்ப வேண்டுமா? கராஜில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஒல்டனேற்றர் போடச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. இந்த பொக்ஸைச் செற் பண்ணத் தெரிந்த மெக்கானிக் பாஸ் யாராவது திருகோணமலை, கிண்ணியாப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.