கிரேயின் இரங்கற்பாவில் ‘அவெயிட்ஸ்’ என்ற வினைக்கு எழுவாய் எது?

கேள்வி:
1751-இல் வெளியான, ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் இரங்கற்பாவில் குலப்பெருமை, அதிகாரத்தின் ஆடம்பரம், அழகும் செல்வமும் தந்தவை என்று அடுக்கியபின், ‘அவெயிட்ஸ் அலைக் தினெவிட்டபிள் ஹவர்’ என்ற அடி வருகிறது (‘அவெயிட்ஸ்’ என்றால் காத்திருக்கிறது). எழுவாய்கள் இத்தனை இருக்க, வினை பன்மையில் ‘அவெயிட்’ என்றுதானே வர வேண்டும்? சில பதிப்புகளில் அப்படியே காண்கிறேன். எனக்குப் பாடம் நடத்தியவர் அச்சுப்பிழை என்று சொல்லிக் கடந்துவிட்டார்.

மறுமொழி 1:
பிழையாக இருக்காது. சீர் கெடாதிருக்கக் கவிஞர் இலக்கணத்தைத் தளர்த்தியிருப்பார். நம் செய்யுள் விகாரம் போன்றதென்று கொள்ளலாம்.

மறுமொழி 2:
சீர் காரணமாக முடியாது, நண்பரே. ‘அவெயிட்’, ‘அவெயிட்ஸ்’ இரண்டுக்கும் அசை இரண்டுதான். எழுவாயை அடியின் இறுதியில் தேட வேண்டும். தவிர்க்க இயலாத அந்த வேளைதான், அதாவது சாவு வேளைதான், எழுவாய். முன்னே அடுக்கப்பட்டவை அனைத்தும் செயப்படுபொருள். கொண்டுகூட்டிப் படித்தால், குலப்பெருமையையும் ஆடம்பரத்தையும் ஏனையவற்றையும் அந்த வேளை ஒன்றுபோலவே எதிர்நோக்கிக் காத்திருக்கிறது என்று பொருள் வரும். பன்மையாகத் திருத்திய பதிப்புகளில் செல்வர்கள் சாவுக்குக் காத்திருக்கிறார்கள். கிரேயிடமோ அறியாதிருப்பவர்களுக்காகச் சாவு காத்திருக்கிறது. இந்த அச்சத்தைத் திருத்தம் அழித்துவிட்டது என்பேன்.

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் பழைய வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டதால், சொல் நிற்கும் இடமே எழுவாயைக் காட்டுகிறது. வரிசையை மாற்றினால் வினையின் ஒருமை காட்டும் ஈற்று ‘எஸ்’ ஒன்றே இங்கே துணை. பிரதிப்பெயர்களில் வேற்றுமை எஞ்சியிருப்பதால், ஆங்கிலக் கவிஞர் மில்டன் ‘ஹிம் தி ஆல்மைட்டி பவர்’ (அவனை எல்லாம் வல்ல ஆற்றல்) என்று செயப்படுபொருளை முன்வைக்கும்போது எவரும் தடுமாறுவதில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் அதே பாடலில் ‘ஆல் தி ஏர் எ சாலம் ஸ்டில்னெஸ் ஹோல்ட்ஸ்’ என்கிறாரே. காற்று அமைதியைக் கொண்டிருக்கிறதா, அமைதி காற்றைப் பற்றியிருக்கிறதா? இரண்டும் ஒருமை ஆயிற்றே.

மறுமொழி 2:
அங்கே வினைமுற்று உதவாது. தொல்காப்பிய உரைகளில் வரும் ‘புலி கொல் யானை’ நினைவுக்கு வருகிறது: புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உருபு தொக்கு நிற்பதால் முன்பின் வரும் சொற்களைக் கொண்டே தெளிய வேண்டும். கிரேயிடமும் அடுத்த அடியைப் பாருங்கள்: வண்டு ரீங்கரித்துச் சுழலும் இடம் நீங்கலாக என்று இடத்தை விலக்குகிறார். ஓரிடம் நீங்கலாக எங்கும் பரவிப் பற்றுவது அமைதியே ஆதலால், அதையே எழுவாயாகக் கொள்வேன். எனினும் மற்றப் பொருளைப் பிழையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.