புதுப்பிப்பு: ஐஸ் பக்கெட்டை வைத்து இங்கிலீஷ் பாடம்

வைரல் பிரச்சாரங்களை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்தினால் எடுபடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன், மேலூர்ப் பக்கம் எங்கள் பள்ளியில். எடுபட்டது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

2014 ஐஸ் பக்கெட் சேலஞ்ச் (தலையில் ஐஸ் தண்ணியை ஊற்றிக்கொண்டு மற்றவர்களையும் அழைக்கும் சவால்) வீடியோவைப் போட்டேன். "தண்ணிக்கு நாங்க குடத்தோட நிக்கிறோம், இவங்க தலையில ஊத்துறாங்களே சார்" என்றான் ஒருத்தன். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கு நிதி திரட்டத்தான் அது என்று யாருக்கும் தெரியவில்லை (அந்த வருஷம் எனக்கும் தெரியாது).

அப்புறம் 2019இல் பரவிய டிராஷ்டேக் (குப்பை கிடக்கும் இடத்தைச் சுத்தம் செய்து படம் போடும் சவால்) படங்கள், குப்பையோடு ஒன்று, சுத்தமான பிறகு ஒன்று. அவற்றைப் பற்றி இங்கிலீஷில் எழுதும்போது இறந்தகாலமும் நிகழ்காலமும் தானாக வந்தன. நம்ம கண்மாய்க்கரைக்கும் அப்படி எழுதணும் என்றால் முதலில் அள்ளணுமே சார் என்று அவர்களே சனிக்கிழமை சாக்கோடு வந்துவிட்டார்கள். ஊராட்சிக்கு மனு மட்டும் தமிழில்தான் போகிறது.