ஷாங்காயில் முதல் நாள், கூட அம்மா: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஷாங்காய் போகிறேன், காலையில் புதோங் விமான நிலையத்தில் இறங்குகிறோம், முதல் நாளை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் குழப்பம். அங்கிருந்து லோங்யாங் சாலை நிலையம் வரை, காந்த விசையில் மிதந்து ஓடும் மேக்லெவ் ரயில் இருக்கிறது, 30 கிலோமீட்டரை 8 நிமிடத்தில் கடந்துவிடும், அம்மாவுக்கு அதில் ஏற அவ்வளவு ஆசை. ஆனால் அங்கே இறங்கி, பெட்டிகளோடு 2ஆம் எண் மெட்ரோவுக்கு மாறி நாஞ்சிங் கிழக்குச் சாலை போகவேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. மாறுகிற இடத்தில் லிப்ட் பக்கத்திலேயே இருக்கிறதா, இல்லை பேசாமல் டாக்சி பிடித்துவிடலாமா?

கூகுள், வாட்ஸ்அப் அங்கே ஓடாது என்பதால் இந்திய சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொள்கிறேன். அங்கே போனில் பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் விசா கார்டையும் சேர்த்தாயிற்று.

சாப்பாடுதான் பெரிய கவலை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். 1922இல் தொடங்கிய கோங்தேலின் சைவ உணவகம், ஜேட் புத்தர் கோயிலின் சைவ நூடுல்ஸ், இந்த இரண்டில் காரமும் எண்ணெயும் குறைவாக எங்கே கிடைக்கும்?

அப்புறம், மாலையில் பண்ட் நதிக்கரையில் விளக்கு போடும் நேரத்தை மட்டும் விடமாட்டேன். அங்கே அம்மா கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க எந்தப் பக்கம் தோது?