இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 43 குறித்து ஒரு விளக்கம் தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அரசின் தலைவரும் ஆட்சித்துறையின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஜனாதிபதியே என்னும் 30ஆம் உறுப்புரையைப் பலகையில் எழுதி முடித்ததும், “அப்படியென்றால் அமைச்சரை நியமிக்க ஏன் சேர் பிரதமரின் ஆலோசனை?” என்று ஒரு மாணவி கேட்டார்.

2018இல் பாராளுமன்றம் கூடி நாலரை ஆண்டு முடியுமுன் ஜனாதிபதி அதைக் கலைத்தது செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்ததை உதாரணமாகச் சொன்னேன். அது சட்டவாக்கத்துறையுடனான எல்லையே தவிர ஆட்சித்துறைக்கு உள்ளே இருக்கும் எல்லையன்று என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது. 43ஆம் உறுப்புரைப்படி அமைச்சர் நியமனத்துக்குப் பிரதமரின் ஆலோசனை அவசியமாயினும், அமைச்சரின் பொறுப்பிலுள்ள விடயங்களை மாற்றவோ அமைச்சுக்குச் செயலாளரை நியமிக்கவோ அது வேண்டியதில்லை என்றே வாசிக்கிறேன். 2022இன் 21ஆவது திருத்தத்துக்குப் பின்னரும் இவ்வாசிப்பு சரிதானா? சட்டம் படித்தவர்கள் உறுப்புரை இலக்கத்துடன் விளக்கினால், வியாழக்கிழமை வகுப்புக்கு முன் குறிப்பைத் திருத்திக்கொள்வேன்.