ஆஸ்டின் கிளம்பும் தம்பிக்கும், அவனைப் போல் கிளம்புகிற எல்லோருக்கும்: பெனட்ரில் விஷயம்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கிறேன். சித்தி மகன் அடுத்த வாரம் அமெரிக்காவில் இருக்கும் ஆஸ்டினுக்குக் கிளம்புகிறான். நேற்று சமாதானபுரத்தில் அவன் பெட்டி கட்டும்போது கூடவே உட்கார்ந்திருந்தேன். அலர்ஜிக்கு அவில் 3 அட்டை, செட்ரிசின் 4 அட்டை, பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பெனட்ரில் சிரப் ஒரு பாட்டில். "அங்க போயி மருந்துக்கு எங்கல அலைவ?" என்று சித்தி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார்.

செட்ரிசினை வைக்கச் சொன்னேன். சிரப்பை வெளியே எடுக்கச் சொன்னேன். காரணத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஊரில் பெனட்ரில் என்றால் நமக்கு இருமல் சிரப். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு சின்ன இளஞ்சிவப்பு மாத்திரை. ஒன்றில் 25 மில்லிகிராம் டைபென்ஹைட்ரமின். லண்டன் போனால் அதே பெயர் போட்ட பெட்டிக்குள் செட்ரிசினோ அக்ரிவாஸ்டினோ என்று வேறு அலர்ஜி மருந்து இருக்கும். அதனால் பெயரை நம்பி வாங்காதீர்கள். பெட்டியின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

டைபென்ஹைட்ரமின் 1940களில் வந்த பழைய மருந்து. தும்மல், மூக்கொழுகல், காணாக்கடி, பயண வாந்தி எல்லாவற்றுக்கும் கேட்கும். வாந்தி நிற்கப் போட்ட ஊசியால் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதற்கும் டாக்டர்கள் இதைத்தான் போடுவார்கள். ஆனால் இது மூளை வரை போகிற மருந்து. தூக்கம் அதனால்தான் வருகிறது. அங்கே தூக்க மாத்திரையாக விற்பதும் இதுவே. வலிக்கும் தூக்கத்துக்கும் விற்கிற டைலெனால் பிஎம் மாத்திரைக்குள்ளும் இது இருக்கிறது, கூடவே பாராசிட்டமாலும் (அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென்). பெனட்ரிலும் போட்டு, அதையும் போட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன டோலோவும் போட்டால் இரண்டு மருந்தும் இரட்டிப்பாகிவிடும்.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 72 வயது, 6 மாதத்துக்கு என்னோடு இருக்க வந்திருந்தார். ஒரு ராத்திரி முதுகெல்லாம் தடிப்பு, அரிப்பு. நானே 2 பெனட்ரில் எடுத்துக் கொடுத்தேன். மூன்று மணிக்கு ஹாலில் விளக்கு எரிந்தது. அப்பா இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி நின்று, "துண்ட எடுய்யா, ஆத்துக்குப் போவணும், நேரமாச்சு" என்கிறார். என்னை அடையாளம் தெரிகிறது, இருக்கிற இடம் தெரியவில்லை. விடிந்த பிறகும் ஒன்றுக்குப் போக முடியவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் முன்பே உண்டு. இந்த மருந்து சிறுநீரைக் கட்டும், வயதானவர்களுக்குப் புத்தியைக் கலக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல், 65 வயது தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்திருக்கிறது. கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். அவர்களுக்கு அலர்ஜி என்றால் லோராடடினோ ஃபெக்ஸோஃபெனடினோ போதுமா என்று கடை ஃபார்மசிஸ்டிடம் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். கிட்னி கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள், அளவு மாறும். சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்க இதைக் கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு? ஆஸ்டின் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சீடர் மரத்தின் மகரந்தம் பறக்கும். முதல் வருடம் ஒன்றும் செய்யாது, "எனக்கெல்லாம் அலர்ஜி கிடையாது" என்போம். இரண்டு மூன்று வருடத்தில் கண் அரித்துச் சிவக்கும். அதற்கு நாளுக்கு ஒரு செட்ரிசின் போதும். சிலருக்கு அதுவும் லேசாகத் தூக்கம் தரும், முதல் நாள் ராத்திரியில் போட்டுப் பாருங்கள். பெனட்ரில் போட்டுக்கொண்டு கார் ஓட்ட வேண்டாம். செட்ரிசின், லோராடடின் மாதிரி மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 'டி' என்று இருந்தால் அதில் மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரினும் இருக்கும். கவுண்டரில் ஐடி காட்டித்தான் வாங்க வேண்டும், பிபி உள்ளவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டு உதடு, நாக்கு வீங்கி மூச்சு இரைத்தால் பெனட்ரிலைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அது தொண்டை வீக்கத்தை நிறுத்தாது. உடனே அங்கே அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள். எபிநெஃப்ரின் (நம் ஊரில் அட்ரினலின்) ஊசி கையில் இருந்தால் முதலில் அதைத் தொடையில் போடுங்கள்.

சித்தி பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். செட்ரிசின் அட்டைகளோடு டாக்டர் சீட்டையும் சேர்த்துப் பாஸ்போர்ட் பையில் வைத்தோம்.