விஸ்காம் படிப்புக்கு ஏழரை லட்சம் கடன்: வருகிற சம்பளம் தவணையைத் தாங்குமா?

கேள்வி: குடியாத்தத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 32,000 ரூபாய் கைக்கு வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகள், படித்தால் விஸ்காம் எனப்படும் விஷுவல் கம்யூனிகேஷன்தான் என்று உறுதியாக நிற்கிறாள். பள்ளி ஆண்டு விழாவுக்காக அவள் செல்போனிலேயே எடுத்து, அதிலேயே வெட்டிச் சேர்த்த பத்து நிமிடப் படத்தைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம், மூன்று ஆண்டுக்கு ஏழரை லட்சம் ஆகும் என்கிறார்கள். வங்கியில் பத்து சதவீத வட்டி என்றார்கள். கல்லூரி தந்த வண்ணப் புத்தகத்தில் ‘அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு ஒன்பது லட்சம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்திலேயே குறைந்த கட்டணத்தில் படிக்கட்டும் என்பது என் மைத்துனரின் கட்சி. இத்துறையில் வேலை பார்ப்பவர்களும், கடன் வாங்கி அடைத்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சத்துவாச்சாரி, வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர்

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் ஏழரை லட்சம் வாங்கும்போது உள்ள தொகை. அடைக்கத் தொடங்கும் நாளில் அது வேறாக இருக்கும். படிக்கும் மூன்று ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்க மாட்டார்கள் என்றாலும், அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் ஆண்டில் வாங்கிய இரண்டரை லட்சத்துக்கு நான்கு ஆண்டு, அடுத்ததற்கு மூன்று, கடைசியில் வாங்கியதற்கு இரண்டு ஆண்டு என்று தனிவட்டி போட்டால் இரண்டே கால் லட்சம் சேருகிறது. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் தலையில் இருப்பது ஒன்பதே முக்கால் லட்சம். பத்தாண்டில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 12,900 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 10,500 ரூபாய்தான், ஆனால் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட பத்தொன்பது லட்சம் கட்டியிருப்பீர்கள்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் (முதல் ஆண்டில் 2,083, இரண்டாம் ஆண்டில் 4,167, அதன்பின் 6,250 ரூபாய்) அசல் ஏழரை லட்சத்திலேயே நிற்கும், பத்தாண்டுத் தவணையும் 9,900 ரூபாய்க்கு இறங்கும். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் கிடைக்கும் மாதம் ஆயிரம் ரூபாய், முதல் ஆண்டு வட்டியில் ஏறத்தாழப் பாதிக்கு ஈடாகும்.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தையும் பாருங்கள். ஆண்டு வருமானம் எட்டு லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையான கடனில், தவணை தொடங்கும் வரையான காலத்துக்கு மூன்று சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால் கல்லூரி அத்திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இதற்கு வழியே இல்லை. இன்னொன்று: நீங்களும் இணைக் கடனாளி. மகள் இரண்டு தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும்.

பதில் 2: காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போனவன்

அண்ணா, நானும் விஸ்காம்தான். 2018இல் ஒரு தொலைக்காட்சியின் எடிட்டிங் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது சம்பளம் 13,000 ரூபாய். வடபழனியில் நான்கு பேர் தங்கிய அறைக்கு என் பங்கு 3,500. மூன்று வேளையும் கையேந்தி பவனில் சாப்பிட்டாலும் 5,000 போய்விடும். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் அறைக்குத் திரும்பும் செலவையும் கழித்தால் மிச்சம் மூவாயிரத்தைத் தாண்டியதில்லை. எனக்குக் கடன் இல்லாததால்தான் அந்த வேலையில் நிலைக்க முடிந்தது. என்னோடு சேர்ந்து, என்னைவிடத் திறமையாக வெட்டிய ஒருவன், தவணைக்காக எட்டே மாதத்தில் கால் சென்டருக்குப் போய்விட்டான். மூன்றாம் ஆண்டில் எனக்கு 28,000 ஆயிற்று; அந்த உயர்வைப் பார்க்க அவன் அங்கே இல்லை.

ஒன்பது லட்சம் என்பது யாரோ ஒரு மாணவரின் சம்பளம். கல்லூரியில் கேட்க வேண்டியது, சென்ற ஆண்டு முடித்தவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, அவர் கேமரா, எடிட்டிங், விளம்பரம் என்று இத்துறையிலேயே இருக்கிறாரா என்பதைத்தான். இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு எடுப்பவர்கள் எங்கே படித்தாய் என்று கேட்பதற்கு முன்பு ஷோரீலைத்தான் (நாம் செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோவை) போடச் சொல்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் படித்துக்கொண்டே கல்யாண ஸ்டுடியோவில் ஆல்பமும் வீடியோவும் எடிட் செய்து, நகைக்கடைக்கு ரீல்ஸ் செய்து கொடுத்து, கட்டணத்தைச் சம்பாதித்துக்கொண்ட இருவரை எனக்குத் தெரியும். சினிமாதான் மகளின் எண்ணம் என்றால், தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கட்டும்.

பதில் 3: ராணிப்பேட்டைப் பெண்

மேலே எழுதிய சகோதரருடன் ஓரளவுக்குத்தான் உடன்படுகிறேன். நான் கடன் வாங்கிச் சென்னையில் படித்தவள். அங்கே இரண்டாம் ஆண்டில் கிடைத்த இன்டர்ன்ஷிப்தான் பிறகு வேலையாக மாறியது. நல்ல கேமராவோ, எடிட்டிங் செய்யத் தகுந்த கணினியோ இல்லாத கல்லூரியில், கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் சேர்ப்பதும் நட்டம்தான். சேர்ப்பதற்கு முன் எந்தக் கல்லூரியானாலும் அதன் ஸ்டுடியோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் தோழி சேர்ந்த இடத்தில் கேமரா இருந்தது, பீரோவுக்குள்.

கடனில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டுக் கட்டணப் பட்டியலை வைத்து வங்கி கடன் ஒதுக்கியது. இரண்டாம் ஆண்டில் கல்லூரி முப்பதாயிரம் ஏற்றியது. அந்த வித்தியாசத்தை வங்கி தர மறுத்ததால் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் வாங்கிய பிறகே வங்கிக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. ஒன்பதே முக்கால் லட்சம் என்ற கணக்கை மகளிடம் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், 13,000 ரூபாய்ச் சம்பளத்தில் 12,900 கட்ட முடியாது என்று அவளே சொன்னாள். வேலூர்ப் பக்கம் இரண்டு கல்லூரிகளின் ஸ்டுடியோக்களை வரும் சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறோம். அவற்றில் ஒன்று தேறினால் ஒரு லட்சத்துக்குள் கேமராவும் கணினியும் வாங்கிக் கொடுத்து, விடுமுறைகளில் காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வந்து சென்னையில் இன்டர்ன்ஷிப் செய்யட்டும் என்பது என் யோசனை. சென்னைக் கல்லூரிக்கும் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நான்கு நாள் ஆகிறது. பதிலுக்குப் பதிலாக, முன்பணம் கட்டக் கடைசித் தேதி என்று இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள்.