வேர் முடிச்சில் நைட்ரிக் ஆக்சைடை எப்படி அளப்பது?

வணக்கம் நண்பர்களே. சோயா வேர் முடிச்சுகளை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்கிறேன், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நல்ல முடிச்சை பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்ற இரும்புள்ள புரதம் தரும் நிறம் அது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரஜனேஸ் நொதியைக் காப்பதோடு, முடிச்சில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரேட்டாக மாற்றிவிடும்.

தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்தால் நைட்ரிக் ஆக்சைடு கூடும் என்பார்கள். அதைப் பார்க்கத்தான் சில தொட்டிகளில் 4 நாள் தண்ணீர் தேங்கவிட்டேன். கிரீஸ் (Griess) வினைப்பொருள் சேர்த்ததும் முடிச்சை அரைத்த சாறு நன்றாகவே நிறம் மாறியது. சரி, ஆனால் அது காட்டுவது நைட்ரைட்டைத்தானே? நைட்ரிக் ஆக்சைடிலிருந்து அல்லாமல், நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நைட்ரேட் ரிடக்டேஸ் நொதி வழியாக வந்த நைட்ரைட்டாகவும் இருக்கலாமே?

நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் ஒளிரும் டிஏஎஃப் (DAF) சாயம் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: திசுவின் சொந்த ஒளிர்வை எப்படிக் கழித்தீர்கள்? நைட்ரிக் ஆக்சைடை அகற்றும் சிபிடிஐஓ (cPTIO) சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரி மட்டும் போதுமா?

அப்புறம் இன்னொன்று. முடிச்சை அரைத்த கொஞ்ச நேரத்தில் சாறு பழுப்பாகிறது. இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் என்று நினைக்கிறேன். பனிக்கட்டியில் வைத்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?